குதிரைக்கும் பொருந்தி உங்களுக்கும் பொருந்தும் சேணம்: வாங்கும் முன் வரிசையாகச் செய்ய வேண்டியவை

இது இங்கிலீஷ் சேணத்துக்கான வழிகாட்டி. நம் ஊர் சவாரிப் பள்ளிகளில் அதிகம் பார்ப்பது ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரைகளையும் மார்வாரி, காத்தியவாரி, கலப்பின நாட்டுக் குதிரைகளையும்தான். அதனால் உதாரணங்களும் அவற்றை வைத்தே வருகின்றன.

புதிதாக வாங்குபவர்களில் பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் தனக்கு எந்த சீட் அளவு என்று பார்க்கிறார்கள், அப்புறம் தோலின் நிறம், அப்புறம் பிராண்ட், பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் குதிரை முதுகில் வைத்துப் பார்க்கிறார்கள். சேணத்துக்குள் ட்ரீ என்று ஒரு சட்டகம் இருக்கிறது. மரத்திலோ செயற்கைப் பொருளிலோ செய்திருப்பார்கள். பெரும்பாலான சேணங்களில் அதன் வடிவத்தை அப்புறம் மாற்ற முடியாது. பேனலுக்குள் இருக்கும் கம்பளியைக் கூட்டலாம், குறைக்கலாம். கிர்த்தை மாற்றலாம், அங்கவடி வாரை மாற்றலாம். மாற்ற முடியாத ட்ரீயை முதலில் முடிவு செய்யுங்கள். அதை முடிவு செய்வது குதிரையின் முதுகு.

சில சொற்களைப் பார்த்துவிடுவோம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எழும்பி நிற்கும் எலும்பு மேடு விதர்ஸ். சேணத்தின் அடியில் முதுகைத் தொடும் இரண்டு மெத்தைகள் பேனல். அவற்றுக்கு நடுவே முதுகெலும்புக்காக விட்டிருக்கும் நீளமான இடைவெளியை இங்கே சுரங்கம் என்றே சொல்கிறேன். வயிற்றைச் சுற்றிக் கட்டுவது கிர்த், அதை மாட்டுவதற்குச் சேணத்திலிருந்து தொங்கும் வார்கள் பில்லட்.

1. குதிரையின் முதுகு இப்போது எப்படி இருக்கிறது?

ஏற்கெனவே வலி உள்ள முதுகில் எந்தச் சேணத்தை வைத்தாலும் குதிரை நெளியும். நீங்கள் நல்ல சேணத்தைக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவீர்கள். அதனால் சேணத்தைத் தொடுவதற்கு முன்பே, விரல்களை ஒன்றாகச் சேர்த்து முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உள்ள தசையை முன்னிருந்து பின்னாக மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். நகத்தால் குத்தாதீர்கள், நல்ல முதுகும் அதற்குத் துள்ளும். ஓர் இடத்தில் தசை இறுகுவது, முதுகு கீழே அமுங்குவது, காது பின்னே மடிவது, திரும்பிக் கடிக்க வருவது, இதில் எது தெரிந்தாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் சேணம் தேடலாம்.

விதர்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளை முடித் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சேணம் நெடுநாள் அழுத்திய இடங்களில் முடி வெளுத்துத்தான் வளரும். புதிய சேணம் எங்கே அழுத்தக்கூடாது என்பதற்கு அந்தத் திட்டுகளே அடையாளம்.

ரேஸிலிருந்து இப்போதுதான் வந்த குதிரை என்றால் அவசரப்படாதீர்கள். விதர்ஸுக்கு இரண்டு பக்கமும் பள்ளமாக இருக்கும், நல்ல தீனியும் முறையான பயிற்சியும் கிடைத்தால் சில மாதங்களில் அங்கே தசை நிரம்பி முதுகின் வடிவமே மாறிவிடும். அந்த நிலையில் விலை உயர்ந்த தோல் சேணத்தை அளவெடுத்துச் செய்வது வீண் செலவு. முன்பக்க இரும்பு வளைவைக் கழற்றி வேறு அகலத்தில் மாட்டும் வகைச் சேணம் (வின்டெக், தரோகுட் போன்ற செயற்கைச் சேணங்களில் இந்த வசதி உண்டு) அந்தக் காலத்துக்குப் போதும்.

2. கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

வரைகலைப் பொருட்கள் விற்கும் கடையில் வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ஃபிளெக்ஸிபிள் கர்வ் ஸ்கேல் கிடைக்கும், 60 செ.மீ. நீளம் உள்ளதாக வாங்குங்கள். அதோடு சார்ட் பேப்பர், சாக்பீஸ், தையல்காரர் டேப், ஒரு உருண்டைப் பென்சில், வீடியோ எடுக்கும் போன். கூடவே குதிரையைப் பிடித்துக்கொள்ள ஒருவர்.

சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். நான்கு கால்களும் சதுரமாக நிற்க வேண்டும், தலை நேராக இருக்க வேண்டும். குதிரை அசையாமல் இருக்கட்டும் என்று புல் போட்டுவிட்டு அளப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தலை கீழே போனதும் விதர்ஸும் முதுகும் மேலே எழும்பும், எடுத்த அளவு எதற்கும் உதவாது.

3. முதுகை வரைபடமாக எடுங்கள்

தோள்பட்டை எலும்பின் பின் ஓரத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து சாக்பீஸால் கோடு போடுங்கள். கண்ணால் பார்த்து மட்டும் போடாதீர்கள், முன்காலை ஒருவர் முன்னே இழுத்துப் பிடித்தால் அந்த எலும்பின் மேல்முனை பின்னால் நகர்வது கைக்குத் தெரியும்.

அடுத்தது கடைசி விலா எலும்பு. வயிற்றுப் பக்கவாட்டில் விலாவைத் தொட்டுப் பிடித்து, அது போகும் வளைவிலேயே மேலே முதுகெலும்பு வரை போய் அங்கே இன்னொரு கோடு. குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டினால் இடுப்புப் பகுதி, அங்கே முதுகெலும்பைக் கீழிருந்து தாங்க விலா கிடையாது. உங்கள் எடை இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். அந்த தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், சேணத்தின் பேனல் எவ்வளவு நீளம் போகலாம் என்பதன் உச்சவரம்பு அது.

இப்போது ஸ்கேலை தோள்பட்டைக் கோட்டுக்கு இரண்டு விரல் பின்னால் விதர்ஸின் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் அமுக்கி, வடிவம் கலையாமல் எடுத்து பேப்பரில் வரையுங்கள். இதேபோல முதுகின் பள்ளமான இடத்தில் ஒன்று, கடைசி விலாவுக்குச் சற்று முன்னால் ஒன்று. நான்காவதாக முதுகெலும்பின் நெடுக, விதர்ஸிலிருந்து பின்னோக்கி ஒன்று. ஒவ்வொன்றிலும் இடது, வலது என்று அப்போதே எழுதுங்கள், தேதியும் போடுங்கள். பல குதிரைகளுக்கு ஒரு தோள் இன்னொன்றைவிடப் பெரிது. பெரிய தோளுக்கு ஏற்ற அகலத்தை எடுத்து, சிறிய பக்கத்தை பேனலில் கம்பளி கூட்டி நிரப்புவதுதான் முறை. சிறிய பக்கத்துக்குப் பொருத்தினால் பெரிய தோள் ஒவ்வொரு எட்டிலும் ட்ரீயில் போய் இடிக்கும்.

இந்த வரைபடத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நேரோ, மீடியம், வைட் என்ற பெயர்களுக்குப் பொதுவான அளவே இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் நேரோவாக இருக்கும். நம் நாட்டில் சேணம் பெரும்பாலும் கான்பூரிலிருந்து வருகிறது. அங்கே ஆர்டர் கொடுக்கும்போது "மீடியம்" என்று சொல்வதற்குப் பதிலாக இந்த நான்கு வரைபடங்களையும் உண்மை அளவிலேயே கூரியரில் அனுப்புங்கள். போட்டோ எடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும். மார்வாரிக்கும் மெலிந்த தரோபிரெட்டுக்கும் விதர்ஸ் உயர்ந்து முதுகு ஒடுங்கி இருக்கும். அகன்ற முதுகுள்ள வெளிநாட்டுக் குதிரைகளை மனதில் வைத்துச் செய்த சேணம் இவற்றின் மேல் அப்படியே சரிந்து எலும்பில் உட்காரும்.

கையோடு எடையையும் கணக்கிட்டுவிடுங்கள். முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, அப்புறம் தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம், இரண்டும் செ.மீ.யில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் தோராயமான கிலோ வரும். சுற்றளவு 175, நீளம் 150 என்றால் சுமார் 387 கிலோ. சவாரி செய்பவர், சேணம் எல்லாம் சேர்த்து குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. இந்தக் குதிரைக்கு அது 58 முதல் 77 கிலோ. உங்கள் எடை இந்த வரம்பைத் தாண்டினால் அதைச் சரிசெய்யும் சேணம் எதுவும் கடையில் கிடைக்காது.

4. சேணம் முழுசாக இருக்கிறதா?

பழைய சேணம் என்றால் இந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள், புதியதென்றாலும் செய்யுங்கள். சேணத்தின் முன்மேட்டை வயிற்றில் வைத்து, பின்மேட்டை இரண்டு கையாலும் உங்களை நோக்கி இழுங்கள். லேசாக ஸ்பிரிங் போல வளைந்து திரும்பினால் சரி. நொறுங்கும் சத்தம், ஒரு பக்கம் மட்டும் மடங்குவது, சீட்டில் குறுக்காகச் சுருக்கம் விழுவது, இவை ட்ரீ உடைந்திருப்பதற்கான அறிகுறிகள். அப்புறம் முன்மேட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து உள்ளே அமுக்கி, வெளியே விரியுங்கள். கொஞ்சம்கூட அசையக்கூடாது. ட்ரீ உடைந்த சேணத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

திருப்பிப் போட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு பேனலும் ஒரே தடிமனா, சுரங்கம் நேராகப் போகிறதா, கோணலாக இருக்கிறதா? பேனலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனால் உள்ளே கட்டி கட்டியாகக் கம்பளி திரண்டிருப்பது தெரியும். அதை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பலாம், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பில்லட் தைத்திருக்கும் இடத்தை இழுத்துப் பாருங்கள், ஓட்டைகள் நீண்டு கிழிந்திருந்தால் மாற்றியாக வேண்டும்.

5. துணி எதுவும் இல்லாமல் முதுகில் வையுங்கள்

துணியோ பேடோ போட்டால் இடைவெளிகள் மறைந்துவிடும், கைக்கு எதுவும் தெரியாது. தோல் அழுக்காகும் என்று விற்பவர் தயங்கினால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மட்டும் விரியுங்கள்.

சேணத்தை விதர்ஸின் மேல் கொஞ்சம் முன்னாலேயே வைத்து, முடி போகும் திசையில் பின்னால் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் தானாக நிற்கும். அந்த இடம்தான் அதன் இடம், நீங்கள் விரும்பும் இடத்துக்குத் தள்ளாதீர்கள். இப்போது ஃபிளாப்பை (சேணத்தின் பக்கவாட்டில், உங்கள் காலுக்கு அடியில் தொங்கும் தோல் மடல்) தூக்கிப் பார்த்தால் ட்ரீயின் முனை ஒரு சிறிய தோல் பைக்குள் முடிவது தெரியும். அந்த முனை நீங்கள் போட்ட தோள்பட்டைக் கோட்டுக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் தள்ளி இருக்க வேண்டும். ஃபிளாப் தோளின் மேல் கிடந்தால் பரவாயில்லை, ட்ரீ முனை கிடக்கக்கூடாது. முன்கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பு பின்னால் சுழலும், அதற்கு இடம் இல்லையென்றால் குதிரை எட்டைக் குறுக்கிக்கொள்ளும்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான், சேணத்தை முன்னால் வைப்பது. முன்னால் வைத்தால் முன்மேடு எழும்பும், சவாரி செய்பவர் பின்னால் சரிவார், உடனே சேணத்தின் பின்பக்கம் தாழ்வு என்று நினைத்துப் பின்னால் பேட் சொருகுவார்கள். வைத்த இடத்தைச் சரிசெய்திருந்தாலே அது தீர்ந்திருக்கும்.

6. கை வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்

முதலில் விதர்ஸுக்கும் சேணத்துக்கும் நடுவே இடைவெளி. ஆள் ஏறாதபோது இரண்டு முதல் மூன்று விரல் செங்குத்தாகப் போக வேண்டும். மேலே மட்டும் பார்க்காமல் விதர்ஸின் பக்கவாட்டிலும் விரல் விடுங்கள், உயர்ந்த விதர்ஸ் உள்ள குதிரைகளுக்குப் புண் அங்கேதான் வரும். மிக உயர்ந்த விதர்ஸ் என்றால் முன்மேட்டைக் குடைந்துவிட்டது போன்ற கட்-பேக் வகையைத் தேடுங்கள்.

அடுத்தது ட்ரீயின் கோணம். பேனலுக்கும் தோளுக்கும் நடுவே உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்து மேலிருந்து கீழே இறக்குங்கள். அழுத்தம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் கோணம் பொருந்துகிறது. கீழே போகப் போகக் கை நசுங்கினால் ட்ரீ குறுகல், முன்மேடும் தூக்கி நிற்கும். மேலே இறுக்கமாகவும் கீழே காலியாகவும் இருந்தால் ட்ரீ அகலம், சேணம் முன்னால் குப்புறச் சாய்ந்து விதர்ஸில் இடிக்கும்.

பின்னால் போய்க் குனிந்து சுரங்கத்தைப் பாருங்கள். (குதிரையின் பின்னால் நேராக நிற்காதீர்கள், ஒரு பக்கமாக நில்லுங்கள்.) முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். அகலம் மூன்று நான்கு விரல். பல மலிவான சேணங்களில் முன்னால் அகலமாகத் தொடங்கிப் பின்னால் குறுகிவிடும், அப்போது பேனல்கள் முதுகெலும்பை இரண்டு பக்கமும் கடிக்கும்.

பேனலின் நடுப்பகுதியில் கை விடுங்கள். முன்னும் பின்னும் தொட்டு நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் சேணம் பாலம் போல நிற்கிறது, எடை முழுவதும் நான்கு முனைகளில் இறங்கும். இதற்கு நேரெதிரானது ஆட்டம். முன்மேட்டையும் பின்மேட்டையும் மாற்றி மாற்றி அமுக்கினால் தொட்டில் போல ஆடினால் பேனலின் வளைவு முதுகின் வளைவைவிட அதிகம். ட்ரீயே அந்த வளைவில் இருந்தால் கம்பளியால் திருத்த முடியாது, அந்தச் சேணத்தை விட்டுவிடுங்கள்.

கடைசியாக உருண்டைப் பென்சிலை சீட்டில் வையுங்கள். அது உருண்டு போய் நிற்கும் இடம்தான் சீட்டின் தாழ்ந்த இடம், நீங்கள் உட்காரப்போகும் இடம். அது நடுவில் இருக்க வேண்டும். பின்னால் போய் நின்றால் உட்காருபவர் எப்போதும் பின்சாய்ந்தே இருப்பார். அதை அவருடைய பழக்கம் என்று பயிற்சியாளர் திட்டிக்கொண்டிருப்பார், காரணம் சேணமாக இருக்கும்.

7. கிர்த்

முன்காலின் முழங்கைக்கு நான்கு விரல் பின்னால், நெஞ்சு ஒடுங்கும் இடத்தில் கிர்த் தானாகப் போய்ச் சேரும். பில்லட்கள் அந்த இடத்துக்கு நேர் மேலே தொங்க வேண்டும். அப்படி இல்லையென்றால் எவ்வளவு இறுக்கினாலும் பத்து நிமிடத்தில் சேணம் முன்னால் இழுபட்டுத் தோளில் ஏறும். ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். ஓர் ஓட்டை, கொஞ்சம் நடை, இன்னோர் ஓட்டை. சேணம் ஆடுகிறது என்று கிர்த்தை மேலும் மேலும் இறுக்குவது பொருத்தமில்லாததைக் கட்டி வைப்பதுதான்.

8. இப்போது நீங்கள் ஏறுங்கள்

ஏறுமேடையிலிருந்து ஏறுங்கள். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு விதர்ஸை இழுக்கும். ஏறியதும் உதவியாளர் விதர்ஸில் மறுபடி விரல் வைத்துப் பார்க்கட்டும், இரண்டு விரலாவது போக வேண்டும்.

பெரியவர்களுக்கான சீட் பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலம் வரை, அரை அங்குல இடைவெளியில் வரும். முன்பக்கத்தில் உள்ள வட்ட ஆணியிலிருந்து பின்மேட்டின் நடு வரை அளப்பது அது. உட்கார்ந்தபின் உங்களுக்குப் பின்னால் ஒரு கை அகலம் மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உங்கள் எடை பின்மேட்டில் ஏறிக் குதிரையின் முதுகில் பின்பக்கமாக அழுத்தும்.

ஆனால் உயரமும் எடையும் மட்டும் சீட்டை முடிவு செய்வதில்லை. தொடை நீளமானவருக்கு, இடுப்பு சிறிதாக இருந்தாலும், முழங்கால் ஃபிளாப்பின் முன்னால் வெளியே போகும். அவருக்கு முன்னோக்கி வெட்டிய நீளமான ஃபிளாப் வேண்டும், பெரிய சீட் உதவாது. தொடைகளுக்கு நடுவே வரும் ஒடுங்கிய பகுதி உங்களுக்கு அகலமாக இருந்தால் இடுப்பு மூட்டு வலிக்கும், முழங்கால் வெளியே திரும்பும். பெண்கள் பலர் இதைத் தன் உடல்வாகு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்காதீர்கள், வேறு வடிவச் சேணத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

அங்கவடியில் கால் வைத்துப் பக்கவாட்டில் ஒரு போட்டோ. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். கால் எப்போதும் முன்னால் போகிறது என்றால் அங்கவடி மாட்டும் கம்பி உங்களுக்கு முன்னால் தள்ளி இருக்கிறது.

குதிரைக்கு 16.5 அங்குலத்துக்கு மேல் இடமில்லை, உங்களுக்கு 17.5 வேண்டும் என்றால்? சீட் பெரிதாக இருந்தும் பேனல் முதுகில் குறைந்த நீளமே தொடும்படி பின்னால் மேல்நோக்கி வளைத்துத் தைத்த சேணங்கள் உண்டு, அவற்றைப் பாருங்கள். அதிலும் கடைசி விலாக் கோட்டைத் தாண்டினால் அந்தக் குதிரை உங்களுக்கு ஏற்றதில்லை. இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

9. ஓடும்போது பாருங்கள்

நிற்கும்போது பொருந்திய சேணம் ஓடும்போது பொருந்தாமல் போகலாம். நடை, ட்ராட் (துள்ளு நடை), கேன்டர் (மிதமான ஓட்டம்) மூன்றிலும், இரண்டு பக்க வட்டத்திலும் வீடியோ எடுங்கள், முக்கியமாகப் பின்னாலிருந்து. பின்மேடு துள்ளுகிறதா, சேணம் ஒரு பக்கமாகவே நழுவுகிறதா?

ஒரு பக்கமாக நழுவினால் உடனே சேணத்தைக் குறை சொல்லாதீர்கள். சவாரி செய்பவர் கோணலாக உட்காரலாம், குதிரையின் தோள்கள் சமமில்லாமல் இருக்கலாம். பின்காலில் வெளியே தெரியாத நொண்டல் இருந்தாலும் சேணம் நழுவும். வேறு ஆள் ஏறியும் அதே பக்கம் நழுவினால் மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.

10. வியர்வைத் தடத்தைப் படியுங்கள்

அரை மணி நேரம் நன்றாக வேலை வாங்கிய பிறகு சேணத்தைக் கழற்றி உடனே பாருங்கள். இரண்டு பேனலின் தடமும் ஒரே மாதிரி ஈரமாக, நடுவில் முதுகெலும்பு உலர்ந்து இருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே ஒன்று அதிக அழுத்தம், அல்லது சேணம் தொடவே இல்லை. 6-ஆம் படியில் கை வைத்தபோது அந்த இடம் எப்படி இருந்தது என்பதை வைத்து எது என்று சொல்லிவிடலாம்.

சென்னை மாதிரி ஊரில் சேணம் போடும் முன்பே குதிரை நனைந்திருக்கும், அதனால் இந்தச் சோதனையை விடிகாலையில் செய்யுங்கள். புழுக்கமான ஊர்களில் சில குதிரைகளுக்கு, முக்கியமாகத் தரோபிரெட்களுக்கு, வியர்ப்பதே நின்றுபோகும். அப்படிப்பட்ட குதிரையில் இந்தத் தடத்தை நம்ப முடியாது, அதோடு வெயிலில் வேலை வாங்குவதும் ஆபத்து, மருத்துவரைப் பாருங்கள்.

11. பேட் பற்றி, ஒரே சேணத்தில் பல குதிரைகள் பற்றி

குறுகலான சேணத்துக்கு அடியில் தடிமனான பேட் போட்டால் இன்னும் குறுகும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போடுவது போலத்தான். பேட் உதவுவது கொஞ்சம் அகலமான சேணத்துக்கு, அதுவும் தற்காலிகமாக. எந்தத் துணி போட்டாலும் கிர்த் கட்டும் முன் அதை விதர்ஸின் மேல் சுரங்கத்துக்குள் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் எடை ஏறியதும் விதர்ஸை அழுத்தும்.

பள்ளியில் நான்கு குதிரைகளுக்கு ஒரு சேணம் என்ற நிலை இருந்தால், இருப்பதில் அகலமான முதுகுக்குப் பொருந்துவதை எடுத்து, மற்றவற்றுக்குப் பொருத்தமான தடிமனில் ஷிம் (இடைவெளியை நிரப்பும் துண்டு) சொருகும் பேட் போடுங்கள். எந்தக் குதிரைக்கு எந்த ஷிம் என்பதை லாயத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், காலையில் சேணம் போடுபவர் ஒவ்வொரு நாளும் வேறு ஆளாக இருப்பார். முன்வளைவை மாற்றும் சேணம் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை மாற்ற ஸ்க்ரூடிரைவரும் சில நிமிடமும் வேண்டும் என்பதால் அவசரத்தில் யாரும் மாற்றுவதில்லை என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

12. பணம் கொடுப்பதற்கு முன்னும் பின்னும்

சில நாள் சவாரி செய்து பார்த்துத் திருப்பித் தரலாம் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்த நாட்களில் அங்கவடி வார்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டிவிட்டால் ஃபிளாப்பில் தடம் விழாது.

புதிய கம்பளி முதல் சில வாரங்களில் அமுங்கும். அதனால் மூன்று மாதத்தில் ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 3, 5, 6-ஆம் படிகளை மறுபடி செய்து புதிய வரைபடத்தைப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். நீண்ட ஓய்வு, நோய், எடை கூடுவது குறைவது, பயிற்சி மாறுவது, இதில் எது நடந்தாலும் ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே செய்யுங்கள். நேற்று வரை சும்மா நின்ற குதிரை இன்று சேணத்தைப் பார்த்ததும் காதை மடித்தால், அன்று ஏறாமல் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.